சைனாவுல இங்கிலீஷ் டீச்சர் வேலை, ஏஜென்ட் மூணு லட்சம் கேக்கறார், போலாமா?

கேள்வி, 2023 ஆகஸ்ட் 19

எம்.ஏ இங்கிலீஷ், பி.எட் முடிச்சிருக்கேன். நாமக்கல் பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல வேலை, சம்பளம் பதிமூணாயிரம். ஒரு ஏஜென்ட் சைனாவுல கிண்டர்கார்ட்டன் டீச்சர் வேலை இருக்கு, மாசம் ஒன்றரை லட்சம், ரூம் ஃப்ரீ, மூணு லட்சம் கட்டுனாப் போதும்ங்கறார். மொதல்ல பிசினஸ் விசால போயிட்டு அங்க போய் மாத்திக்கலாமாம். அங்க இருந்தவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

2023 ஆகஸ்ட் 19, ராத்திரி

பணத்தைக் கட்டிராதீங்க தம்பி. மீதி நாளைக்கு எழுதறேன், பையன் இன்னும் தூங்கல.

2023 ஆகஸ்ட் 20, காலைல

வீட்டுக்காரருக்கு சுஜோவுல வேலை, ஷாங்காய்ல இருந்து புல்லட் ட்ரெயின்ல அரை மணி நேரம். 2016ல நானும் போனேன், 2020 ஜனவரில பொங்கல் லீவுன்னு ஊருக்கு வந்தவங்க கொரோனா வந்ததும் அப்படியே தங்கிட்டோம். நானும் பி.எட் தான், ஈரோட்டுல டீச்சரா இருந்தவ, அதனால அங்க போய் எறங்குன நாள்ல இருந்து எனக்கும் இதே ஆசைதான், விசாரிக்காத எடமில்ல.

விஷயம் என்னன்னா, 2017 ஏப்ரல்ல இருந்து அங்க வேலை பாக்கற வெளிநாட்டுக்காரங்களை ஏ, பி, சின்னு பிரிச்சு நாடு பூரா ஒரே மாதிரி ஒர்க் பெர்மிட் குடுக்கறாங்க. இங்கிலீஷ் டீச்சர்னா பெரும்பாலும் பி. டிகிரி, ரெண்டு வருஷ அனுபவம், போலீஸ் சர்டிஃபிகேட், இதெல்லாம் நம்மகிட்ட இருக்கு. ஆனா மொழி சொல்லிக்குடுக்கறவங்க அதைத் தாய்மொழியாப் பேசற நாட்டுக்காரங்களா இருக்கணும்னு ஒரு வரி வெச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. நடைமுறைல அது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, இந்த ஏழு பாஸ்போர்ட்தான். நீங்க எம்.ஏ ஷேக்ஸ்பியர் பேப்பர்ல ஃபர்ஸ்ட் மார்க் வாங்கியிருந்தாலும் சரி.

பிசினஸ் விசால போய் க்ளாஸ் எடுத்தா அது சட்டவிரோத வேலை. 2013ல வந்த சட்டப்படி 5,000ல இருந்து 20,000 யுவான் வரைக்கும் ஃபைன், விஷயம் பெருசுன்னா 5 நாள்ல இருந்து 15 நாள் வரைக்கும் உள்ள வெப்பாங்க, அப்புறம் ஊருக்கு ஏத்திவிட்ருவாங்க. 20,000 யுவான்னா நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல. இதுல கூத்து என்னன்னா, இன்ஸ்பெக்‌ஷன் வருதுன்னு தெரிஞ்சதும் "இன்னிக்கு ஸ்கூலுக்கு வராதீங்க, வீட்லயே இருங்க"ன்னு மெசேஜ் அனுப்பற ஸ்கூல்கள் உண்டு. மாட்டுனா அவங்களுக்கும் ஃபைன் உண்டு, ஆனா ஊரை விட்டுப் போறது நீங்க மட்டும்தான்.

2023 ஆகஸ்ட் 20, மத்தியானம்

கீழ ஒருத்தர் "எங்க சொந்தக்காரர் இந்தியர்தான், அங்க இன்டர்நேஷனல் ஸ்கூல்ல டீச்சர், நீங்க சொல்றது பொய்"ன்னு போட்டிருக்கார். அவர் மேத்ஸோ ஃபிசிக்ஸோ எடுப்பாருங்க, கேட்டுப்பாருங்க. அது பாடம். மேல சொன்ன வரி மொழி டீச்சருக்கு மட்டும்தான். தம்பிக்கு மேத்ஸ் வருமா?

2023 ஆகஸ்ட் 21

தென்னாப்பிரிக்கான்னு எழுதும்போதே ஞாபகம் வந்துச்சு. ஷாங்காய்ல ஒரு பிள்ளையப் பாத்தேன், டர்பன்காரி, முப்பாட்டன் காலத்துல கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். பேரு நம்ம பேரு, மொகம் நம்ம மொகம், கழுத்துல முருகன் டாலர், தமிழ்ல அஞ்சாறு வார்த்தைக்கு மேல வராது. அவ நேட்டிவ் ஸ்பீக்கர், ஒர்க் பெர்மிட் எல்லாம் ஜம்முனு ஆயிருச்சு. நியாயமாப் பாத்தா அவளுக்கு வீட்ல பேசுற மொழியே இங்கிலீஷ்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனா அவளுக்கும் வேற ஒரு எடத்துல அடி. பேப்பர் எல்லாம் சரியா இருந்தும் ரெண்டு மூணு டியூஷன் சென்டர்ல ஃபோட்டோவைப் பாத்துட்டு பதிலே போடல. ஃபீஸ் கட்டற பெத்தவங்களுக்கு வெள்ளைக்காரங்க வேணும். ஒரு சென்டர்ல இங்கிலீஷே அரைகுறையாப் பேசற கிழக்கு ஐரோப்பாப் பையன் ஒருத்தனை "அமெரிக்கன்"னு சொல்லி நிக்க வெச்சிருந்தாங்க, அவன் க்ளாஸ் முடிஞ்சு வெளிய வந்து என்கிட்ட கிராமர் டவுட் கேப்பான்.

எனக்கும் ஒரு சென்டர்ல இன்டர்வியூ நடந்துச்சு. நான் டிபென்டன்ட் விசா, அதுல வேலை பாக்கக்கூடாதுன்னு தெரியும், பெர்மிட் போட்டுக் குடுப்பாங்களான்னு கேக்கத்தான் போனேன். டெமோ க்ளாஸ் நல்லாப் போச்சு, பிள்ளைங்க சிரிச்சு வெளையாடுச்சு. கடைசில மேனேஜர் அம்மா சாயா எல்லாம் குடுத்து "உங்க க்ளாஸ் ரொம்பப் பிடிச்சிருக்கு, ஃபோன்ல மட்டும் எடுக்க முடியுமா, கேமரா இல்லாம"ன்னு கேட்டாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.

2023 ஆகஸ்ட் 21, ராத்திரி

இன்னொண்ணு விட்டுப்போச்சு, இதை மொதல்லயே சொல்லியிருக்கணும். இப்ப அங்க அந்த மார்க்கெட்டே படுத்துருச்சு. 2021 ஜூலைல "ரெட்டைக் குறைப்பு"ன்னு ஒரு உத்தரவு வந்துச்சு, பிள்ளைங்களுக்கு ஹோம்வொர்க்கும் குறையணும், டியூஷனும் குறையணும்னு. ஸ்கூல் பாடத்துக்கு லாபத்துக்கு டியூஷன் நடத்தக்கூடாது, சனி ஞாயிறு லீவு நாள்ல நடத்தக்கூடாது, ஸ்கூலுக்கே போகாத குட்டிப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் கூடாது, வெளிநாட்ல உக்காந்துட்டு இருக்கற டீச்சரை வெச்சு ஆன்லைன் க்ளாஸ் எடுக்கக்கூடாது. விஐபிகிட்னு ஒரு கம்பெனி, அமெரிக்காவுல வீட்ல இருக்கற அம்மாக்கள் விடியக்காலம் எந்திரிச்சு சைனாப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுப்பாங்க, அந்த ஏற்பாடே நின்னுபோச்சு. பிலிப்பைன்ஸ் டீச்சர்களை வெச்சு நடத்துன 51டாக் சைனாவை விட்டுட்டு வெளிநாட்டுப் பிள்ளைங்க பக்கம் போயிருச்சு.

இதுல எல்லாம் பெரிய கதை நியூ ஓரியன்டல். யூ மின்ஹோங்னு ஒரு இங்கிலீஷ் வாத்தியார் 1993ல ஆரம்பிச்ச டியூஷன் கம்பெனி. அந்த உத்தரவுக்கு அப்புறம் மூடுன சென்டர்கள்ல கிடந்த மேஜை நாற்காலி கிட்டத்தட்ட 80,000 செட்டை கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் குடுத்துட்டாங்க. வேலையில்லாம நின்ன வாத்தியார்கள் லைவ்ல காய்கறி, அரிசி, மாட்டுக்கறி விக்க ஆரம்பிச்சாங்க. 2022 ஜூன்ல டோங் யூஹுய்னு ஒரு வாத்தியார் கைல வெள்ளை போர்டை வெச்சுக்கிட்டு, விக்கற பொருளோட பேரை இங்கிலீஷ்ல எழுதி, நடுவுல கவிதை, சரித்திரம்னு பேசிப் பேசியே வித்து நாடு பூரா ஃபேமஸ் ஆயிட்டார். க்ளாஸ்ல இருந்ததை விட அங்கதான் அவருக்குக் கூட்டம்.

ஆக உங்க ஏஜென்ட் சொல்ற கிண்டர்கார்ட்டன் எதுன்னு பேரைக் கேளுங்க. ஸ்கூல் பேரு, ஊரு, பெர்மிட் யாரு எடுத்துத் தர்றாங்க, மூணையும் எழுத்துல கேளுங்க.

2023 ஆகஸ்ட் 24

வேலைதான் கெடைக்கலயே, அங்க அவ்ளோ வருஷம் என்ன பண்ணீங்கன்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பேசினேங்க. சும்மா பேசினேன், காசு வாங்காம. அதுல கத்துக்கிட்டது எந்த பி.எட்லயும் இல்ல.

அங்க "இங்கிலீஷ் கார்னர்"னு உண்டு. பார்க்ல ஒரு மூலைல குறிப்பிட்ட நாள் சாயந்தரம் கூடுவாங்க, இங்கிலீஷ்ல மட்டும் பேசணும், யாரு வேணா வரலாம். பீஜிங்ல ரென்மின் யுனிவர்சிட்டி வாசல்ல நடக்கறதும் ஷாங்காய் மக்கள் பூங்காவுல நடக்கறதும் ரொம்பப் பழசு. அந்த ஷாங்காய் பூங்காலயே இன்னொரு பக்கம் சனி ஞாயிறுல கல்யாண மூலை, பெத்தவங்க பையன் பொண்ணோட வயசு, உயரம், சம்பளம், வீடு இருக்கா இல்லையா எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி கொடை மேல ஒட்டி வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. நான் இங்கிலீஷ் கார்னர்னு நெனச்சு மொதல்ல போய் நின்னது அங்கதான். ஒரு அம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

சரி விஷயத்துக்கு வரேன். அங்க காவோகாவோன்னு காலேஜ் போறதுக்கு பெரிய பரீட்சை, மொத்தம் 750, அதுல இங்கிலீஷ் மட்டும் 150. கணக்குக்கும் அதே 150தான். அதனால கிராமர், ரீடிங் எல்லாம் நம்மள விட அவங்க கெட்டி. காலேஜ்ல மறுபடி சிஇடி-4ன்னு ஒரு பரீட்சை. இவ்ளோ படிச்சும் வாயைத் தொறக்க பயம். அவங்களே இதை ஊமை இங்கிலீஷ்னுதான் சொல்வாங்க. இதை ஒடைக்கத்தான் லீ யாங்னு ஒருத்தர் ஸ்டேடியம் முழுக்க ஆளுங்களை நிக்க வெச்சு தொண்டை கிழிய இங்கிலீஷ்ல கத்த வெச்சார். கத்தறது வரும்ங்க, பேச்சு வரணுமே.

2023 ஆகஸ்ட் 25

நேத்து எழுதினதோட தொடர்ச்சி. இங்கிலீஷ் கார்னர்ல புதுசா வர்றவங்க எல்லார்கிட்டயும் மனப்பாடமா பத்துக் கேள்வி இருக்கும். எந்த நாடு, சைனீஸ் சாப்பாடு பிடிக்குமா, சாப்ஸ்டிக் வருமா, சுஜோ அழகா இருக்கா. இந்தியான்னா கூட ஆமிர் கான். 2017ல அவரோட மல்யுத்தப் படம் அங்க அப்படி ஓடுச்சு, நான் என்னமோ அவரு வீட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி விசாரிப்பாங்க. வயசானவங்க ராஜ் கபூர் பாட்டை முனகுவாங்க. எனக்கு ஹிந்தி வராதுன்னா நம்ப மாட்டாங்க, இந்தியாதானேன்னு திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. இந்தப் பத்து கேள்வியும் முடிஞ்சதும் ஒரு அமைதி வரும் பாருங்க, ரெண்டு பேரும் செருப்பைப் பாத்துட்டு நிக்கணும்.

அதுக்கு நான் கண்டுபுடிச்ச மருந்து தக்காளி முட்டை. அங்க வீட்டுக்கு வீடு பண்றது, பேச்சலர் பசங்களுக்கும் தெரியும். "எனக்கு சமைக்கச் சொல்லிக்குடு"ன்னு கேட்டேன். ஒரு பொண்ணு, ஆஸ்பத்திரில நர்ஸு, மொதல்ல முட்டையை அடிச்சு ஊத்தணும், எடுத்துத் தனியா வெச்சுட்டு அப்புறம் தக்காளின்னு ஆரம்பிச்சா. கடைசில சர்க்கரை போடணும்னா. பக்கத்துல நின்ன வடக்கத்திப் பையன் "நோ! நோ சுகர்! ஒய் சுகர்?"னு பாய்ஞ்சான். சுஜோக்காரங்க எல்லாத்துலயும் சர்க்கரை போடுவாங்க, அது உண்மை. அவ்ளோதான், சுத்தி ஒரு கூட்டம் சேந்துருச்சு, பூண்டு உண்டா, தக்காளி தோலை உரிக்கணுமா, சோத்துக்கா நூடுல்ஸுக்கா. ஹீ, ஷீ எல்லாம் தலைகீழா வருது, அவங்க அம்மாவை ஹீன்னு சொல்றான் ஒருத்தன், பேச்சுல ரெண்டுக்கும் அவங்களுக்கு ஒரே சத்தம்தான், பாஸ்ட் டென்ஸ் கெடையாது, ஒண்ணும் கெடையாது, ஆனா வாய் மூடல. நானும் ஒரு தப்பையும் திருத்தல. அந்த நேரத்துல ஹீயா ஷீயான்னு புடிச்சா அடுத்த வாரம் அவன் வரவே மாட்டான். வீட்டுக்குப் போனப்புறம் ஃபோன்ல கேப்பாங்க, அப்ப திருத்துவேன்.

2023 ஆகஸ்ட் 25, ராத்திரி

தப்பைத் திருத்தாம இருக்கறது டீச்சருக்கு அழகான்னு ஒரு சார் கேக்கறார். சார், எப்பத் திருத்தறதுங்கறதுதான் கேள்வி. ஹலோடாக்னு மொழி பேசிப் பழகற ஆப்ல அதுக்குன்னே வசதி இருக்கு, அவங்க எழுதின வரி மேல கோடு போட்டு கீழ சரியானதை எழுதலாம், கலர்ல காட்டும். எழுத்துல திருத்துனா ஆசையா வாங்கிப்பாங்க, பத்துப் பேர் முன்னாடி வாயில திருத்துனா சுருங்கிப்போவாங்க. நம்ம ஸ்கூல்லயும் அதேதானே.

2023 செப்டம்பர் 2

அந்த நர்ஸுப் பொண்ணு வீசாட்ல மெசேஜ் போடற அழகைச் சொல்லணும். அதுல அனுப்புனதை ரெண்டு நிமிஷத்துக்குள்ள திரும்ப எடுத்துக்கலாம், எடுத்தா நம்ம பக்கம் "மெசேஜ் திரும்பப் பெறப்பட்டது"ன்னு ஒரு சாம்பல் வரி நிக்கும். ராத்திரி டியூட்டில இருந்து எழுதுவா. ஃபோனைத் தொறந்தா சாம்பல் வரி, சாம்பல் வரி, சாம்பல் வரி, கடைசில "குட் நைட் டீச்சர்" மட்டும். என்னடீ எழுதி எழுதி அழிக்கறன்னா, ஆர்ட்டிக்கிள் விட்டுட்டேன் டீச்சர், அப்புறம் ஸ்பெல்லிங், அப்புறம் வெக்கமாயிருச்சுன்னா. வாய்ஸ் மெசேஜ் அனுப்புன்னேன், அதையும் எடுத்துருவா. ஒரு தடவை எடுக்கறதுக்குள்ள கேட்டுட்டேன். ஒரு வயசானவருக்கு ஊசி போட்டப்போ அவரு அழுததைப் பத்தி. தப்பு நெறைய. நானும் தமிழ் வாடை அடிக்கற என் இங்கிலீஷ்ல ஒரு வாய்ஸ் பதில் போட்டேன், என் பிரசவத்தப்போ நர்ஸு திட்டுன கதை. அதுக்கப்புறம் சாம்பல் வரி கொறஞ்சுது.

"நேட்டிவ்" விஷயத்துல எனக்கு ரெண்டாவது நெனப்பு வந்தது இவளாலதான். அமெரிக்கா டீச்சர் க்ளாஸுக்கு அவ காசு கட்டிப் போயிருக்கா, நல்லாத்தான் எடுத்தாராம், ஆனா அவர் முன்னாடி பேசும்போது அவ மண்டைக்குள்ள பரீட்சை ஓடுமாம். என்கிட்ட ஓடாதாம். இது எனக்குப் பெருமையா சிறுமையான்னு இன்னும் தெரியல. சைனாக்காரங்களை மட்டும் சொல்றது தப்பு, ஆங்கிலோ இந்தியன் மிஸ் இருக்காங்கன்னா நம்மூர்லயும் அந்த ஸ்கூலுக்குத்தானே க்யூவுல நின்னாங்க.

2023 செப்டம்பர் 9

கார்னருக்கு வர்ற ரிட்டயர்டு இன்ஜினியர் தாத்தா ஒருத்தர். அவர்கிட்ட ஒரு நாள் மக்கள்தொகையப் பத்திப் பேச்சு. அவங்களுக்கு எண்ணுறதுல பத்தாயிரம் ஒரு அலகு, அதுக்கு மேல பத்துக் கோடி ஒரு அலகு. நமக்கு லட்சம், கோடி. மில்லியன், பில்லியன் ரெண்டு பேருக்கும் அந்நியம். அவர் பதினாலுன்னு விரலைக் காட்டறார், நான் நூத்தி நாப்பதுங்கறேன், ரெண்டும் ஒண்ணுதான், ஆனா இங்கிலீஷ்ல சொல்லணுமே. பேனாவை எடுத்து சிகரெட் அட்டைல சைபர் போட்டோம், நான் ரெண்டு மூணா கமா வெக்கறேன், அவர் நாலு நாலாப் பிரிக்கறார். கடைசில ஒரு காலேஜ் பையன் ஃபோன்ல பாத்து "ஒன் பாயின்ட் ஃபோர் பில்லியன்"ன்னான். தாத்தாவுக்குக் கோவம், எங்களை யோசிக்க விடுறான்னு அவன்கிட்ட சைனீஸ்ல கத்துனார். பார்க்ல சைனீஸ் பேசினதுக்கு அவருக்கே ஃபைன், எல்லாருக்கும் ஐஸ்கிரீம்.

2023 செப்டம்பர் 10

இன்னும் அவங்ககூடத் தொடர்புல இருக்கீங்களான்னு கேட்டவங்களுக்கு: 2020 ஜூன் 29ல கல்வான் சண்டைக்கு அப்புறம் நம்ம அரசாங்கம் 59 ஆப்பைத் தடை பண்ணுச்சே, டிக்டாக்கோட வீசாட்டும் போச்சு. அந்தப் பக்கம் வாட்ஸ்அப், ஜிமெயில், ஃபேஸ்புக் எதுவும் விபிஎன் இல்லாம வராது. ரெண்டு பக்கமும் கதவு. நர்ஸுப் பொண்ணு மட்டும் க்யூக்யூ மெயில்ல இருந்து எழுதுவா, நீளநீளமா, லெட்டர் மாதிரி. மெயில்ல ரீகால் கெடையாது பாருங்க.

2023 செப்டம்பர் 10, கொஞ்ச நேரம் கழிச்சு

லெட்டர்னதும் எங்க பெரியப்பா ஞாபகம். சீன வானொலி தமிழ்ப் பிரிவு, 1963ல ஆரம்பிச்சது, எங்களுக்கு முந்தின தலைமுறை சிற்றலைல கேப்பாங்க. நேயர் மன்றம் வெச்சு பீஜிங்குக்கு லெட்டர் போட்டுட்டே இருப்பார். அங்க அறிவிப்பாளர்கள் பூரா சீனாக்காரங்க, பீஜிங்லயே தமிழ் படிச்சு, கலையரசி, கலைமகள்னு தமிழ்ப் பேரு வெச்சுக்கிட்டு, செந்தமிழ்ல செய்தி வாசிப்பாங்க. பெரியப்பா அவங்க உச்சரிப்பைத் திருத்தி லெட்டர் போடுவார்னு பெரியம்மா சொல்வாங்க. நான் நேட்டிவ் ஸ்பீக்கர் நேட்டிவ் ஸ்பீக்கர்னு பொலம்புனேன்ல, எங்க வீட்லயே ஒரு நேட்டிவ் ஸ்பீக்கர் ஓசில வேலை பாத்திருக்கார்.

2025 அக்டோபர் 30

ரெண்டு வருஷம் கழிச்சு யாரோ இந்த இழையைத் தூக்கி மேல போட்டிருக்கீங்க. இப்ப நெலமை மாறிருச்சு, கொல்கத்தால இருந்து குவாங்ஜோவுக்கு நேரடி ஃப்ளைட் இந்த மாசம் விட்டாச்சு, ஜூலைல சைனாக்காரங்களுக்கு நாமளும் டூரிஸ்ட் விசா குடுக்க ஆரம்பிச்சாச்சு, இப்ப இங்கிலீஷ் டீச்சர் வேலைக்குப் போலாமான்னு கேள்வி. ஃப்ளைட்டு வேற, பெர்மிட்டு வேற. நான் மேல எழுதின அந்த வரி அப்படியேதான் இருக்கு.

அங்க பேசிப் பழகற ஆளுங்களும் மாறிட்டாங்க. நர்ஸு இப்ப தோபாவோங்கற ஏஐ ஆப்ல தினம் இங்கிலீஷ் பேசறாளாம். பொறுமையா இருக்குது, சிரிக்கறதில்ல, ராத்திரி மூணு மணிக்கும் பதில் சொல்லுதுன்னு எழுதியிருந்தா. நல்லதுதான்னேன். தக்காளி முட்டைல சர்க்கரையப் பத்திக் கேட்டியான்னேன். "போடலாம், போடாமலும் இருக்கலாம்"னுச்சாம். சண்டை போட மாட்டேங்குது டீச்சர்னு குறைபட்டுக்கிட்டா.

2025 நவம்பர் 3

நாமக்கல் தம்பி தனியா எழுதியிருந்தார், சைனாவுக்குப் பணம் கட்டல, இப்ப அதே ஏஜென்ட் வேற ஊர் சொல்றாராம். தாய்லாந்துல "இங்கிலீஷ்ல சாட் பண்ணத் தெரிஞ்சாப் போதும்", கம்ப்யூட்டர் வேலை, எழுபதாயிரம், டிக்கெட் ஃப்ரீ.

தம்பி, இதை எல்லாரும் பாக்கட்டும்னு பொதுவுலயே எழுதறேன். 2022ல இதே மாதிரி தாய்லாந்து ஐடி வேலைன்னு கூட்டிட்டுப் போய் எல்லை தாண்டி மியான்மர் மியாவாடில அடைச்சு வெச்ச பசங்கள்ல நம்ம தமிழ்நாட்டுப் பசங்களும் இருந்தாங்க. அங்க வேலையே, போலி ஃபோட்டோ வெச்சு வெளிநாட்டு ஆளுங்களோட இங்கிலீஷ்ல பாசமாப் பேசிப் பணத்தைக் கறக்கறது. மாட்டேன்னா அடி. டிக்கெட் ஃப்ரீங்கும்போதே ஓடிருங்க.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பற ஏஜென்ட் வெளியுறவுத் துறைல பதிவு பண்ணியிருக்கணும், இமைக்ரேட் வெப்சைட்ல பேரைப் போட்டுத் தேடுனா வரும். பதிவு பண்ண ஏஜென்ட்டும் சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், மூணு லட்சம் கேட்டப்பவே அந்த ஆளு லட்சணம் தெரிஞ்சுபோச்சு. அந்த விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், அவர் நம்பர், பேசின வாய்ஸ் எல்லாத்தையும் அழிக்காம வெச்சுக்கங்க, சென்னைல அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்க, நாமக்கல் எஸ்.பி ஆபீஸ்லயும் ஒரு மனு குடுங்க. தனியாப் போகாதீங்க, அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. போயிட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு இங்கயே போடுங்க, இன்னும் நாலு பேரு அந்த ஆள்கிட்டப் பேசிட்டு இருக்காங்கன்னு கீழ தெரியுது.